பால்மரத்துப் பொறந்த வீட்டுக்குப் போறவனே!

அமேசான் காடு பாக்க பிரேசில் போறியாமே தம்பி, சந்தோசம். புக்கிட் லிந்தாங் நம்ம மலாக்காவுக்குள்ளதான் கெடக்கு. தான் சே யான் 1896ல ரப்பர் நட்ட எடம், ஒருநா பாத்துட்டு வரலாம் வாடான்னா, “வெயிலு தாத்தா”ன்ன. இப்ப அதே வெயிலுக்கு டிக்கெட்டு எடுத்திருக்க! நீ போற மானாவுஸ் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம், வேர்வை ஒண்ணுதான்.

பந்தாய் குண்டோரைத் தாண்டாத கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. ஆயுசு பூரா பிரேசில்காரிகிட்டதான்டா பால் எடுத்தேன்.

மொதல்ல ஊசி. மஞ்சக்காய்ச்சல் ஊசியப் பொறப்படுறதுக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டுரு, ஆயுசுக்கும் போதும். அந்த மஞ்ச அட்டைய பாஸ்போர்ட்டோட வை. அங்க கேக்கலன்னாலும் திரும்பி வரும்போது நம்ம ஆளு கேப்பான். இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா ஒக்காத்தி வச்சுருவான்.

மானாவுஸ் மணி நமக்கு 12 மணி நேரம் பின்ன. நைட் ஷிப்டு பாக்குறவனுக்கு நான் சொல்லித் தரணுமா? பகல் சாப்பாட்ட முடிச்சுட்டு ஒங்கம்மாவுக்குப் போன் மட்டும் போட்டுராத, இங்க நடுராத்திரி.

அங்கேருந்து சாந்தாரெம் போற படகுல தூளி கட்டித்தான் படுக்கணும், ஒரு ராத்திரிக்குக் கொறையாது. தூளி ஒன்னோடது, எடமும் நீதான் புடிக்கணும். சீக்கிரமே போய் எஞ்சினுக்கும் கக்கூசுக்கும் தள்ளிக் கட்டு. நீ எந்திரிக்கிற நேரத்துக்குப் போனீன்னா கக்கூசுக்குக் காவக்காரன் நீதான். துணிக்கடையில பெரிய தூளியாக் கேளு, ஒன் தொந்தி எனக்குத் தெரியும்.

சோத்து மேல மரவள்ளி மாவத் தூவுவான். மொகம் சுளிக்காத. சப்பான்காரன் காலத்துல அந்தக் கெழங்குதான் எங்கப்பன் உசுரப் புடிச்சு வச்சது.

மானாவுஸ்ல கும்மட்டம் வச்ச நாடகக் கொட்டகை ஒண்ணு இருக்கு, எல்லாம் ரப்பர் காசு. அதத் தொறந்ததும் 1896லதான். அவன் வெளக்கேத்துன வருசமே அத அணைக்கிற கன்ன இங்க நட்டாச்சு! கொட்டகையோட நிக்காத; படகேறி விலா பரைசோ ரப்பர் மியூசியத்துக்கும் போ. மொதலாளி கடையும் கடன் கணக்கும் பாப்ப. நம்ம லயத்துக் கதைதான், பேசுறதுதான் போர்ச்சுகீசு. எவனாச்சும் பால் வெட்டிக் காட்டுனா, பட்டை எம்புட்டு ஆழம் போகுதுன்னு பாத்து வந்து சொல்லு. கங்காணிகிட்டத் திட்டு வாங்குற வெட்டா இல்லையான்னு நான் சொல்றேன்.

கடைசியா ஒண்ணு. 1876ல விக்காம்னு ஒரு வெள்ளக்காரர் தபஜோஸ் ஆத்தோரத்துலேருந்து 70,000 கொட்டைய லண்டனுக்கு அள்ளிட்டுப் போனாரு. சர் பட்டம் குடுத்தான். நீ ஒத்தக் கொட்டையப் பையில போட்டு வந்து பாரு, ஏர்போர்ட்டுலயே மரியாத கெடைக்கும். அதுவும் ஞாயந்தான். அங்க இலைக்கருகல்னு ஒரு பூசணம் இருக்கு. ஃபோர்டு கார் கம்பெனிக்காரன் 1928ல அதே ஆத்தோரம் தொறந்த தோட்டத்தையே படுக்க வச்ச வியாதி. நம்ம பக்கம் இன்னும் வரல. கொட்ட, இல, மண்ணு எதுவும் வேணாம். காட்டுல நடந்த சப்பாத்த நல்லாத் தேச்சுக் கழுவிட்டு விமானம் ஏறு. செம்பனைக்கு நடுவுல இங்க மிஞ்சியிருக்கிற நாலு பால்மரமாச்சும் நிக்கட்டும்டா.