எங்கட ஸ்டேசன்

ஆரையம்பதிக்கு ரயில் நிலையம் கிடையாது. அதற்காக ரயிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? தண்டவாளமே இல்லாத எங்கள் ஊரில் எந்தக் கோச்சி எவ்வளவு சுணங்கும், எந்தப் பக்க யன்னலில் வெயில் அடிக்காது, எந்தப் பெட்டியில் காற்றாடி சுழலாது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

நாங்கள் "எங்கட ஸ்டேசன்" என்று உரிமையோடு சொல்வது மட்டக்களப்பு ஸ்டேசனை. அதற்கும் எங்களுக்கும் நடுவில் காத்தான்குடி இருக்கிறது, கல்லடி இருக்கிறது, போதாக்குறைக்கு வாவியும் இருக்கிறது. உறவு தூரம் பார்க்காது.

1928இல் கல்லோயாச் சந்தியிலிருந்து பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று காடும் வயலும் கடந்து தண்டவாளம் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. வந்தது வந்ததுதான், அதற்கப்பால் ஓரடி எடுத்து வைக்கவில்லை. குறுக்கே தண்ணீர் கிடக்கிறதே என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அதற்கு நான்கு வருடம் முன்பே, 1924இல், ஆளுநர் மானிங்கின் மனைவி பேரால் கல்லடிப் பாலம் கட்டியாகிவிட்டது. பாலம் ஒடுக்கம், ரயிலுக்குப் போதாது என்பீர்கள். இதே தடத்தில் மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில்தானே முறைவைத்துப் போய்வந்தன! மன்னம்பிட்டியில் வாகனங்களுக்கென்று தனிப்பாலம் வந்ததே 2007இல்தான். அங்கே மகாவலி கங்கைக்கு மேலே விட்டுக்கொடுத்து வாழ்ந்த ரயில், இங்கே ஒரு வாவியைப் பார்த்துத் தயங்கிவிட்டது.

போர்க்காலத்தில் அந்த ரயிலும் வருடக்கணக்காக வராமல் போனது. அது திரும்பி வந்தபோது, வாவிக்கு அந்தப் பக்கத்திலாவது கூவட்டும் என்று நாங்களும் சமாதானமாகிவிட்டோம்.

இனி வசதிகளுக்கு வருவோம். எங்கட ஸ்டேசனின் முதல் வசதி, அதுவே கடைசி ஸ்டேசன் என்பது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் எப்படிக் குறட்டை விட்டு வந்தாலும் இறங்குமிடம் தவறிப்போகாது. வேறு ஊர்க்காரர் இரவு முழுக்க நித்திரை முழித்து யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு வர, நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம்.

இரண்டாவது வசதி, பொறுமைப் பயிற்சி. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரே வரும் வண்டி வந்து விலகும்வரை ஏதாவது ஒரு குட்டி ஸ்டேசனில் காத்துக் கிடக்க வேண்டும். போதாததற்கு வழியில் யானைகளும் உண்டு. 2025 பெப்ரவரியில் மீனகயா ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அதற்குப் பிறகு, ஆனைக்காட்டில் வண்டி மெல்லப் போனால் நான் முறைப்பாடு சொல்வதில்லை.

மீனகயா என்ற பேர் எங்கள் பாடும் மீனை வைத்து வந்தது. அந்த மீன் பாடுவது கல்லடிப் பாலத்தடியில். மீனின் பேரைச் சூட்டிக்கொண்ட ரயில் அந்தப் பாலத்தின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இரவு கொழும்பில் புறப்பட்டு, கோழி கூவுமுன் எங்களை இறக்கிவிட்டுத் தன்பாட்டில் நின்ற காலமும் உண்டு. பஸ் ஓடத் தொடங்காத அந்த நேரத்தில் ஓட்டோக்காரர் சொன்னதுதான் விலை. நாடு முழுக்கக் கடந்து வந்த மூன்றாம் வகுப்புக் காசும் ஸ்டேசனிலிருந்து வீட்டுக்கு வந்த காசும் அண்ணன் தம்பிபோல ஒரே உயரத்தில் நின்றன.

போகும்போது இன்னொரு பாடு. காலையில் புறப்படும் உதயதேவி ரயிலைப் பிடிக்க இருட்டோடு எழும்ப வேண்டும். கொழும்புச் சொந்தங்களுக்கு எருமைத் தயிர்ச் சட்டி கொண்டுபோகாவிட்டால் குடும்பத்தில் பேச்சு வரும். சட்டியை மடியில் வைத்தால் கால் மரக்கும், மேலே வைத்தால் கீழே இருப்பவர் தலையில் அபிஷேகம் நடக்கும்.

பாதையைப் பொத்துவில் வரை நீட்ட வேண்டும் என்பது எங்கள் கரையின் பழைய கோரிக்கை. நீட்டினால் ஆரையம்பதியிலும் ஒரு ஸ்டேசன் வரும், மும்மொழியிலும் ஊர்ப்பேர்ப் பலகை நிற்கும். 2013இல் கல்லடிக்குப் புதுப்பாலம் கிடைத்தது. 2014இல் மண்முனைத் துறைக்கும் பாலம் கிடைத்ததால், வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்குப் 'பாதை' என்ற மிதவையில் போன காலமும் போயிற்று. இத்தனையும் வந்த பிறகு கோச்சி மட்டும் ஏன் வராது என்று கேட்போர் உண்டு.

காரணத்தை என் மாமியே சொல்லிவிட்டா. "கோச்சி வரட்டும் மனே, ஸ்டேசனும் நம்மட வீட்டுக்குக் கிட்ட வரட்டும். ஆனா நம்மட வளவுக்குள்ளால மட்டும் வரப்படாது." கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் இந்த ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு முட்டி நிற்கிறது. ஒவ்வொரு வளவிலும் ஒரு மாமி இருக்கிறா. எந்த அமைச்சர் வந்து பேசினாலும் முதலில் அவவிடம் கையெழுத்து வாங்கட்டும்.

அதுவரை எங்கள் ஊருக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மட்டக்களப்பில் இறங்குங்கள். இருட்டென்றால் விடியும்வரை ஸ்டேசனிலேயே இருந்து, கல்முனை பஸ்ஸில் ஏறுங்கள். காத்தான்குடி தாண்டியதும் ஆரையம்பதி. அங்கே மட்டும் தூங்கிவிடாதீர்கள், பஸ்ஸுக்கு அது கடைசித் தரிப்பிடம் அல்ல.