தேயாத பொத்தான்

எங்கள் வீட்டு ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறைக்குள்ளும் அழுக்கு. ஒலியைக் கூட்டும் பொத்தானில் எழுத்து அழிந்துவிட்டிருந்தது. குறைக்கும் பொத்தான் அதைவிட மோசம். விளம்பரம் வரும்போதெல்லாம் கட்டைவிரல் அங்கேதான். எண்களில் பாதி மழுங்கிப் போயிருந்தன. ஒரே ஒரு பொத்தான் மட்டும் வந்த நாளில் இருந்தபடியே இருந்தது. அதன் மேல் மூன்று எழுத்து: விஓடி. வீடியோ ஆன் டிமாண்ட். கேட்ட படம், கேட்ட நேரத்தில்.

2013 ஏப்ரலில், மைசூரு குவெம்புநகரில், கேபிள் செட்டாப் பெட்டியை மாட்ட வந்த பையன் அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டி, “இது அப்புறம் வரும் சார்” என்றான். அவன் போனதும் அழுத்திப் பார்த்தேன். நீலத் திரை. நடுவில் “கமிங் சூன்”. அடுத்த மாதமும் அழுத்தினேன். அடுத்த வருஷமும். அமைச்சர் நட்டுவிட்டுப் போகும் அடிக்கல்லிலாவது ஒரு தேதி இருக்கும். இதில் அதுவும் இல்லை.

அந்தப் பெட்டியை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. 2011இல் நாடாளுமன்றம் கேபிள் சட்டத்தைத் திருத்தியது. இனி எல்லாம் டிஜிட்டல். முதல் கட்டம் நான்கு பெருநகரங்கள். இரண்டாம் கட்டம் 38 நகரங்கள்; பெங்களூருவோடு மைசூருவும் அதில் உண்டு. 2013 மார்ச் 31 கெடு. பெட்டி இல்லாத வீட்டில் படம் இருக்காது. துல்லியமான படம் வரும், கூடுதல் சேனல் வரும், நீங்கள் கேட்கலாம், டிவி பதில் சொல்லும் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். ஒரு பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்ட நாடாளுமன்றம், அந்தப் பொருள் சொன்னதையெல்லாம் செய்தாக வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க மறந்துவிட்டது. மறதிதான். வேறு எதையும் நினைக்க நமக்கு உரிமை இல்லை.

கேட்ட படம் ஏன் வரவில்லை? நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்புப் பெட்டி தொங்குகிறது. ஆம்ப்ளிஃபயர். பாசி பிடித்து, அணில் கடித்த கறுப்பு ஒயர்கள் நாலு பக்கமும் ஓட, எதிரிலிருக்கும் ஐயங்கார் பேக்கரியிலிருந்து கரண்ட் வாங்கி உயிர் வாழ்கிறது. பேக்கரிக்காரர் மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் எங்கள் தெருவுக்கே செய்தி வாசிப்பு முடிந்தது. ஒருநாள் கேபிள்காரர் அதன் மூடியைத் திறந்து வைத்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஓர் இடம் காலியாக இருந்தது. விழுந்த பல்லுக்குப் பின் ஈறு தெரிவதுபோல.

“இது என்ன?”

“அது மேலே போற கார்டு சார். நீங்க ரிமோட்டை அழுத்தினா அது கன்ட்ரோல் ரூமுக்குப் போகணும்னா, இந்தக் கார்டு வேணும்.”

“ஏன் போடவில்லை?”

அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “எதுக்கு சார்? நமக்குக் கீழேதானே போகணும்?”

இந்தியாவை ஆளும் விதத்தைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஒரு வரியில் சொன்னவர், மரத்தில் சாய்த்த ஏணியில் நின்றுகொண்டு சொன்னார்.

ஒரே கம்பிதான். அதில் 860 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. அடியில் ஒரு சின்னப் பட்டை, 5 முதல் 65 வரை, கீழிருந்து மேலே பேசுவதற்கு. மற்றதெல்லாம் மேலிருந்து கீழே. அந்தச் சின்னப் பட்டையைக்கூடத் திறந்து வைக்க நம் ஆட்களுக்கு மனம் வரவில்லை. திறந்தாலும் சிக்கல் உண்டு. தளர்ந்த ஜாயின்ட், நாற்பது ரூபாய் ஸ்ப்ளிட்டர், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாவற்றின் இரைச்சலும் சேர்ந்து மேலே ஏறும். ஐந்நூறு வீட்டுச் சத்தம் ஒரே புனலில் போய் விழும்போது ஒருவன் கேட்டது எவர் காதிலும் விழாது. கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செய்ய முடியாத வேலையும் இல்லை. கணக்கு நான்காம் வகுப்புப் பிள்ளை போடுவது. ஐந்நூறு வீட்டுக்கு ஒரு ஃபைபர் முனை. ராத்திரி ஒன்பது மணிக்கு நூற்றுக்குப் பத்து வீடு தனித்தனியாகப் படம் கேட்கிறது என்று வையுங்கள். ஐம்பது படம். 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பாதையில் நொடிக்கு 38 மெகாபிட் போகும்; சாதாரணத் தரத்தில் பத்துப் படம் அதில் அடங்கும். ஆக ஐந்து பாதை. ஒரு கம்பியில் இப்படித் தொண்ணூறுக்கு மேல் போடலாம். தொண்ணூறில் ஐந்து.

அந்த ஐந்து கிடைக்கவில்லை. காரணம் இரைச்சலும் இல்லை, அணிலும் இல்லை. கேரியேஜ் கட்டணம். என் சேனலையும் உன் கம்பியில் ஏற்று என்று சேனல்காரன் கேபிள் கம்பெனிக்குக் கொடுக்கும் காசு. டிஜிட்டல் வந்தால் இடநெருக்கடி தீரும், இந்த வழக்கமும் ஒழியும் என்றார்கள். ஒழியவில்லை. இடம் பெருகியது, வாடகைதாரர்களும் பெருகினார்கள். காசு கொடுத்து ஏறிக்கொள்ள ராசிக்கல் விற்பவன் இருக்கிறான், தங்க முலாம் பூசிய எந்திரத் தகடு விற்பவன் இருக்கிறான், ஒரே வாணலியை எட்டு மொழியில் விற்பவன் இருக்கிறான். படம் கேட்கும் உங்களுக்கு எதற்கு இடம்? நீங்கள் ஏற்கெனவே பிடிபட்ட மீன்.

அமெரிக்காக்காரனும் இதில் தோற்றவன்தான். 1994 டிசம்பரில் டைம் வார்னர் கம்பெனி ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் கேட்ட படத்தைக் கேட்டபோது கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. ஒரு பெட்டிக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு. நாலாயிரம் வீடு இலக்கு. 1997இல் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி மூடிவிட்டான். தோற்பதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும். முதலில் தொடங்கியிருக்க வேண்டும். நாம் தொடங்கவே இல்லை. அதனால் இன்றுவரை தோற்கவும் இல்லை.

எங்கள் மைசூருவுக்குத் தொடங்கத் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். 1935இல் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசுவாமி, தம் வீட்டில் ஒரு 30 வாட் கருவியை வைத்துக்கொண்டு வானொலி நிலையம் நடத்தினார். ஆகாசவாணி என்ற பெயர் அந்த வீட்டில்தான் புழக்கத்துக்கு வந்தது; தேசம் பின்னால் எடுத்துக்கொண்டது. 30 வாட் என்பது வழக்கமான குண்டு பல்பு ஒன்றுக்குக்கூடப் போதாது. அவர் அதை வைத்துக்கொண்டு பேசினார், பாட வைத்தார். “கமிங் சூன்” என்று ஒலிபரப்பவில்லை.

திம்பம் மலையிறங்கித் தமிழ்நாட்டுக்குள் போனால் மட்டும் என்ன வாழ்கிறது? 2006 தேர்தலில் ஒரு கட்சி கலர் டிவியை இலவசமாகத் தருவதாகச் சொன்னது, தந்தது. 2007இல் அரசு கேபிள் நிறுவனம் வந்தது. 2011இல் அடுத்த கட்சி அதற்கு உயிர் கொடுத்து மாதம் 70 ரூபாய்க்குக் கம்பி இழுத்தது. 2017இல் பெட்டியும் இலவசம். டிவி கொடுத்தார்கள், கம்பி கொடுத்தார்கள், பெட்டி கொடுத்தார்கள். மக்கள் திருப்பிப் பேசும் அந்தக் கார்டை மட்டும் எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் சேர்க்கவில்லை.

எங்கள் பெட்டி வந்த அதே 2013இல்தான் கமல்ஹாசன் விஸ்வரூபத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்சில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். ஆயிரம் ரூபாய் கட்டணம். தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். திட்டம் பின்வாங்கியது. ஆயிரம் ரூபாய் அதிகம்தான், நானே கட்டியிருக்க மாட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்.

அதற்காக, எங்கள் கேபிள் கேட்டதைச் செய்ததே இல்லை என்றால் அது அபாண்டம். ஒரு தடவை செய்தது. மின்னல் வேகத்தில்.

2016 செப்டம்பர் 5. பத்து நாளுக்கு வினாடிக்கு 15,000 கனஅடி காவிரி நீரைத் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. கிருஷ்ணராஜசாகர் அணை எங்களுக்குப் பக்கத்தில். சாலையில் டயர் எரிந்தது. கர்நாடக கேபிள்களில் தமிழ்ச் சேனல்கள் காணாமல் போயின. டோல்ஃப்ரீ எண் இல்லை, “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” இல்லை, இருபத்துநாலு மணி நேரத்தில் சரிசெய்கிறோம் இல்லை. தெரு கேட்டது, திரை கறுத்தது. ஆன் டிமாண்ட் என்றால் இதுதான் ஆன் டிமாண்ட். கேபிள்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவர் ஒயர் தெருவில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவுக்குத்தான் என்னைவிடத் துக்கம். அவர் பார்க்கும் தமிழ் சீரியலில் மருமகள் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நின்றிருந்தது. போட்டாளா இல்லையா என்று அணைக்கட்டுக்கா தெரியும்?

அதே செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டிசம்பர் வரை டேட்டா இலவசம். மேலும் கீழும் போகிற சாதனம் ஒவ்வொருவன் சட்டைப்பைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மாவின் பேரன் போனில் சீரியலைத் தேடிக் கொடுத்தான். மருமகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கேபிள் உலகம் திருந்தியதா? 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது ஏற்பாடு அமலுக்கு வந்தது. “பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள்.” ஆகா. கட்டணச் சேனல் ஒன்றுகூடப் பார்க்காமல் சும்மா இருப்பதற்கு மட்டும் அப்போது 130 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 153 ரூபாய் 40 காசு. அந்த நாற்பது காசை எந்த நாணயத்தில் கொடுப்பது என்று எவரும் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு வந்த நூறு சேனலில், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஏறக்குறைய கால்வாசி தூர்தர்ஷன். நான் படிவத்தில் ஏழு சேனல் குறித்துக் கொடுத்தேன். கேபிள்காரர் தலையைச் சொறிந்தார்.

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார். கம்ப்யூட்டர்ல பேக்தான் ஏறுது.”

தனித்தனியாக வாங்கினால் விலை அதிகம், கட்டாக வாங்கினால் மலிவு. ஓட்டலில் இட்லி நாற்பது, முழுச் சாப்பாடு நாற்பத்தைந்து என்று எழுதிவைத்துவிட்டு, விருப்பம் உங்களுடையது என்று சொல்வதுபோல. பில் ஏறியது. ஏழு கேட்ட எனக்கு எழுபது வந்தது. அதில் பதினொன்று நேயர்களுக்கு வாணலி விற்றன.

போன மாதம் கேபிள்காரர் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் ஃபைபர் இன்டர்நெட் ஏஜென்ட். ஓடிடி இலவசம், மோடம் இலவசம் என்று நோட்டீஸ் நீட்டினார். சரி என்றேன். வேலை முடிந்ததும் பழைய பெட்டியைக் கையில் எடுத்தார்.

“இது கம்பெனி சொத்து சார். திருப்பிக் கொடுக்கணும்.”

“2013இல் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்தேனே?”

“அது ஆக்டிவேஷன் சார்ஜ் சார். பெட்டிக்கு இல்ல.”

வேறு கம்பெனிக் கம்பியில் மாட்டினால் அந்தப் பெட்டி வேலையும் செய்யாது. எந்தப் பெட்டியும் எந்தக் கம்பியிலும் ஓட வேண்டும் என்று 2020இலேயே டிராய் பரிந்துரை எழுதிவிட்டது. பரிந்துரைகளும் கீழிருந்து மேலே போகிறவைதான் போலிருக்கிறது.

ரிமோட்டும் வேண்டும் என்றார். இல்லாவிட்டால் இருநூறு ரூபாய் பிடித்தம். உறையைக் கழற்றித் தந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனெல்லாம் தேய்ந்துபோச்சே என்று முனகினார். பிறகு பெட்டியை மறுபடி டிவியில் சொருகி, தேயாமல் இருந்த அந்த ஒன்றை அழுத்திப் பார்த்தார்.

நீலத் திரை வந்தது. “கமிங் சூன்.”

“வேலை செய்யுது சார்” என்று சொல்லி ரசீதில் கையெழுத்துப் போட்டார்.