கிளிங்கான் சொற்களைப் பட்டியில் அடைப்பது எப்படி?

'ஸ்டார் ட்ரெக்' படங்களில் நெற்றி மேடுபள்ளமாக வரும் வீரர்கள் பேசுவது கிளிங்கான். அந்த மொழியின் அகராதியைத் தரவுத்தளமாக்கும் வேலையில், ஒவ்வொரு சொல்லுக்கும் வகைக்குறி போட்டுத் தருவதாக நீங்கள் வாயை விட்டுவிட்டீர்கள். சம்பளம் கிடையாது. இருந்தாலும் முறையாகச் செய்வோம்.

முதலில் மூலவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மார்க் ஓக்ராண்ட், முட்சுன் என்ற கலிபோர்னியப் பழங்குடி மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1984இல் வந்த மூன்றாவது படத்துக்காக மொழியைக் கட்டினார், 1985இல் அகராதி போட்டார். அவர் சொன்னால்தான் அது சொல். ஆனால் அவரைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், எல்லாம் மால்ட்ஸ் சொன்னது" என்பார். மால்ட்ஸ் அந்தப் படத்தில் பிடிபட்ட கிளிங்கான் கைதி. ஆகவே உங்கள் சந்தேகம் தீர, கற்பனைக் கைதி ஒருவருக்கு மனசு வரவேண்டும்.

வகைகள் மூன்றே: பெயர், வினை, மிச்சம். விளையாட்டில்லை, மூன்றாவதற்குக் கிளிங்கான் இலக்கணிகள் வைத்த பெயரே 'மிச்சங்கள்' என்றுதான் ஓக்ராண்ட் எழுதியிருக்கிறார். எண், இணைப்புச்சொல், வினாச்சொல், வசவு எல்லாம் அதற்குள். இடைச்சொல்லையும் உரிச்சொல்லையும் பிரிக்கத் திண்டாடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! பெயரடையைத் தேடி அலையாதீர்கள். 'பெரிதாயிரு' என்று ஒரு வினை உண்டு, அதுவே பெயருக்குப் பின்னால் போய் நின்று 'பெரிய' ஆகிவிடும்.

பன்மையில் நமக்குச் சலுகை உண்டு. பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு விகுதி, உடலுறுப்புகளுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று. உயர்திணை, அஃறிணை படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குறி போடலாம். 'என் தலைவர்' என்னும்போது, பேசத் தெரியாதவற்றுக்குரிய 'என்' விகுதியை ஒட்டினால் இலக்கணப்படி சரி, மரியாதைப்படி விபரீதம். இதற்குத் தனிக் கட்டம் போட்டு வையுங்கள்.

தூக்கம் போவது வினையில். அச்சு அகராதி ஆங்கிலத்தில் 'பர்ன்' என்று பொருள் தந்து நிறுத்திக்கொண்டது. எரிந்ததா, எரித்தார்களா? தமிழில் பொருள் எழுதியிருந்தால் அங்கேயே விடிந்திருக்கும். எரியும் வீட்டுக்குள் சண்டை போடும் முட்டாளைப் பற்றி ஒரு பழமொழி இருக்கிறது. அதில் வீடு தானாகத்தான் எரிகிறது; சான்று ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். யாராவது எதையாவது கொளுத்தும் வாக்கியம் கிடைக்கும்வரை அடுத்த கட்டம் காலியாகவே இருக்கட்டும். தர்க்கப்படி சரியாயிருக்கும் என்று நிரப்புகிறவரைத் திட்டத்திலிருந்து கழற்றிவிடுவது நல்லது.

கணினியையும் நம்பாதீர்கள். டி, எல், ஹெச் மூன்றும் சேர்ந்து கிளிங்கானில் ஒரே எழுத்து, டி வரிசை முழுக்க முடிந்தபிறகு வருவது. கணினியின் போக்கில் விட்டால், அந்த எழுத்தில் தொடங்கும் மொழியின் பெயரே டி வரிசைக்கு நடுவே போய் விழும். சின்ன க்யூ வேறு, பெரிய க்யூ வேறு. ஒரே சொல்லைச் சின்னதில் தொடங்கினால் தட்டில் நெளியும் புழு உணவு, பெரியதில் தொடங்கினால் 'பிழை'. தேடுபொறி இரண்டையும் ஒன்றாகவே பரிமாறும்.

தொடர்களுக்கு வாருங்கள். 'வணக்கம்' கிடையாது. அதற்குப் பதில் 'என்ன வேண்டும்?' என்றுதான் கேட்பார்கள். வினாவா, வரவேற்பா, மிரட்டலா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் மிச்சத்தில் போடுங்கள். 'உன் அம்மாவுக்கு நெற்றி வழுவழு' என்பதில் குழப்பமே இல்லை; வசவு.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வாக்கியம் முடிந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், 'என்ன நடக்கிறது?' என்ற சாதுவான கேள்வியைக்கூடத் தணிக்கைக்குரியதாக்கிவிடும். அதற்கு என்ன குறி போடலாம் என்று குழுவினரைக் கேளுங்கள். வருகிற பதில்களின் கடைசியில் அந்தச் சொல்லே இருக்கும்.