சுவருக்குக் காய்ச்சல் பார்த்தவன்

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில் என்ன பாடு படுத்தும் என்று மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதோடு விடமாட்டார்கள். கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் கையைவிட்டுப் போகும். குரோம்பேட்டையில் எங்கள் வீடு கோடை தவறாமல் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஏசி விடிய விடிய ஓடுகிறது, அறை மட்டும் குளிர மாட்டேன் என்கிறது. குளிர் எந்த ஓட்டை வழியாக ஓடிப்போகிறது என்று பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். கட்டட வேலையில் இருக்கும் நண்பன் ஒருவன், போனில் செருகிக்கொள்ளும் தெர்மல் கேமராவை இரவல் கொடுத்துத் தொலைத்தான்.

கருவி கைக்கு வந்ததும் எனக்கு ரெய்டுக்கு வந்த அதிகாரியின் நடை வந்துவிட்டது. முதல் சோதனை படுக்கையறைச் சுவர். திரையில் பாதிச் சுவர் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரிந்தது, மீதி கருநீலம். "பார்த்தியா, பத்திக்கிட்டு எரியுது" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகுதான் திரை ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்களைக் கவனித்தேன். எரிகிற இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. கண்ணில் படுவதில் மிகச் சூடானதற்கு மஞ்சள், மிகக் குளிர்ந்ததற்கு நீலம் என்று கேமரா தானாகப் பங்கு பிரித்துவிடும். நடுவில் அரை டிகிரி இருந்தாலும் சரி, ஐம்பது டிகிரி இருந்தாலும் சரி, அதே வாணவேடிக்கைதான்.

அன்று நள்ளிரவு ஜன்னல் பக்கம் போனேன். கண்ணாடிக்கு வெளியே மஞ்சளாக ஓர் ஆள் நிற்கிறான். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, அந்தப் பக்கம் பால்கனியும் கிடையாது. சத்தம் போடத் தொண்டை வரவில்லை. நான் ஒரு அடி பின்வாங்கினேன், அவனும் பின்வாங்கினான். கொஞ்சம் தொப்பை வேறு இருந்தது, அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். நம் உடம்பிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. ஒரு பகுதி மோதித் திரும்பி வரும். இந்தக் கேமராவின் லென்ஸைக் கண்ணாடியில் செய்யாமல் ஜெர்மானியத்தில் செய்வதே இதனால்தான். இதையெல்லாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

மூன்றாவது, விரல் சம்பந்தப்பட்டது. மாமியார் பாலைக் காய்ச்சி எவர்சில்வர் பாத்திரத்தோடு மேடையில் வைத்திருந்தார். கேமராவைக் காட்டினேன். பாத்திரத்தின் பக்கவாட்டில் 37 என்றது. "பால் ஆறிடுச்சு அத்தை, ஃபிரிட்ஜுல வெச்சுடறேன்" என்று இரண்டு கையாலும் தூக்கினேன். பளபளப்பான உலோகம் தன் சூட்டை வெளியே காட்டிக்கொள்ளாது. சுவர், தோல், பெயிண்ட் இவையெல்லாம் தங்கள் வெப்பத்துக்கு உரிய கதிரில் பத்தில் ஒன்பது பங்கையாவது உமிழ்ந்துவிடும். மெருகேற்றிய எஃகு ஏதோ பேருக்குக் கொஞ்சம் உமிழும், மற்றபடி எதிரே இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். கேமரா படித்த 37, பெரும்பாலும் சமையலறைச் சுவரும் நானும். விஷயம் தெரிந்தவர்கள் உலோகத்தின்மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு, அந்த டேப்பின் சூட்டைத்தான் அளப்பார்கள். நான் குழாயைத் திறந்து விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பாத்திரம்னா துணி வெச்சுப் பிடிக்கணும் மாப்பிள்ளை" என்றார் மாமியார், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு.

அதற்குப் பிறகாவது அடங்கியிருக்கலாம். எதிர்வீட்டுச் சுவரை நம் சுவரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பால்கனியில் நின்று குறிவைத்தேன். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "என்ன தம்பி, எங்க வீட்டைப் படம் எடுக்கிறீங்க?" என்றார். "சூடு பார்க்கிறேன் சார்" என்றேன். அந்தப் பதில் நிலைமையைச் சீராக்கவில்லை. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் 1992-ல் கைலோ என்பவரின் வீட்டைத் தெருவில் இருந்தே இப்படித் தெர்மல் கேமராவால் பார்த்தார்கள், உள்ளே பெரிய விளக்குகள் வைத்துக் கஞ்சா வளர்க்கிறாரோ என்ற சந்தேகத்தில். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரன்ட் இல்லாமல் அப்படிப் பார்ப்பது சட்டவிரோதச் சோதனைதான் என்று 2001-ல் தீர்ப்பு வந்தது. வங்கி மேலாளருக்கு அந்த வழக்கு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்தப் பக்க ஜன்னல் திரை இறங்கியே இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காலை பத்து மணிக்குக் கூரையைச் சோதித்தேன். அது சாதுவாக இருந்தது. நிரபராதி என்று விடுவித்துவிட்டேன். பிறகு கதவடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் விளிம்பில் ஸ்பாஞ்ச் டேப், ஏசியின் செம்புக் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் ஓட்டையில் எம்சீல் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கரைத்தேன். பில்லில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. குளிர்நாடுகளில் உள்ளே ஹீட்டர், வெளியே பனி. உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும்போதுதான் கசிவு படத்தில் பளிச்சென்று விழும் என்பார்கள். நம் ஊரில் உள்ளே 26, வெளியே இரவில் 31. இதில் கசிவைத் தேடினால் மங்கலாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். நம் வீடுகளுக்குச் சூடு தலைவழியாக இறங்குகிறது.

அது எனக்குப் புரிந்தது ஒரு இரவு ஒன்பது மணிக்கு, மல்லாக்கப் படுத்து விளையாட்டாகக் கேமராவை மேலே தூக்கியபோது. சுவர்கள் ஊதா, தளம் முழுக்க மஞ்சள். இந்த முறை எண்களையும் பார்த்தேன்: சுவர் 33, தளம் 39. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், அதை அடிப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கச் சில மணி நேரம் பிடிக்கும். சாயங்காலத்துக்குமேல்தான் அது தன் வேலையைக் காட்டும். நான் விசாரித்ததோ காலையில். இரவெல்லாம் என் ஏசி போராடியது இந்தத் தளத்தோடுதான். மின்விசிறி வேறு அந்தச் சூட்டை அக்கறையாக என் முகத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தது. "மாடிக்குச் சுண்ணாம்பு அடிங்க மாப்பிள்ளை" என்று மாமியார் மார்ச்சிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. எங்கள் வீட்டுக் கொள்கையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை பெயிண்ட் வாங்கினேன். ஆள் வைத்தால் கூலி என்று நானே அடித்தேன். பரப்பளவை நானே கணக்கிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கோட்டில் ஹாலுக்கு மேலே முடிந்தபோது டப்பாவும் முடிந்தது. படுக்கையறைக்கு மேலே ஒரு சொட்டு இல்லை. அன்றிரவு கேமராவில் தளம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது, ஹால் பக்கம் நாலு டிகிரி குறைவாக. வங்கி மேலாளர் கேட்டால் பரிசோதனைக்காக வேண்டுமென்றே பாதி விட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். இப்போது குடும்பமே ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறோம். படுக்கையறையில் ஏசி பூட்டிக் கிடக்கிறது, பில் ஒருவழியாக 500-க்குக் கீழே வந்திருக்கிறது.

போன வாரம் வங்கி மேலாளரே மாடிச் சுவர் ஓரமாக வந்து குரல் கொடுத்தார். "தம்பி, அந்த மிஷின் இன்னும் இருக்கா? எங்க வீட்டையும் கொஞ்சம் பாருங்களேன்."

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் சார் பார்க்கணும். அடுப்படியில பால் பாத்திரம் இருந்தா மட்டும் எடுத்து வெச்சுடுங்க."