பதனிட்ட பாட்டு: மேல்விஷாரத்து எம்பி3 பிளேயர் குறித்து ஒரு தோலியல் ஆய்வு

எம்பி3 பிளேயரைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் காதை நம்பி எழுதியிருக்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. அது தோல்காரர்கள் எழுதியிருக்க வேண்டிய பொருள். எம்பி3 என்பது ஒலியியலின் கிளை அன்று, தோல் பதனிடும் தொழிலின் கிளையே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவுவதற்குத் தோல் பதனிடும் மேல்விஷாரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

ஆய்வு எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. வடக்கே பாலாறு, கிழக்கே ஆற்காடு, மேற்கே வேலூர். தெற்கெல்லை குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பக்கம் எந்த அறிஞரும் போய்ப் பார்த்ததில்லை. ஆய்வின் இடையே ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா சாப்பிட்டது எல்லை மீறலாகாது. கிழக்கெல்லையைச் சரிபார்த்தலே ஆகும். இந்தக் கோணத்தில் முந்தைய ஆய்வுகள் என்று எதுவும் கைக்கு அகப்படவில்லை. யாரையும் மறுக்க வேண்டிய சங்கடம் இல்லாததால் இதை ஒரு குறையாகக் கருதவில்லை.

இனி வரலாறு. பெரிய சத்தம் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதை ஒட்டிய சுருதியில் உள்ள சின்னச் சத்தம் மனிதக் காதில் ஏறாது. ஏறாததை எதற்குச் சேமிக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் உழைத்தார்கள். ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தார் 1995 ஜூலையில் கோப்புகளின் வாலில் எம்பி3 என்று சேர்ப்பதென முடிவெடுத்தார்கள். பாவம், அவ்வளவு பாடு தேவையே இல்லை. டேனரியில் ஓடுகிற டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்க முயன்றிருந்தால் முதல் ஷிப்டிலேயே விஷயம் விளங்கியிருக்கும். மரத்தாலான அந்த டிரம் சுற்றும்போது உள்ளே ஈரத்தோல்கள் தொப்பு தொப்பென்று விழுகிற சத்தத்தில் சூப்பர்வைசரின் குரலில் எது போகும், எது தங்கும் என்பது மேல்விஷாரத்துத் தொழிலாளிக்கு அனுபவ பாடம். திட்டு மட்டும் தங்கும்.

செய்முறைக்கு வருவோம். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ பச்சையாக வரும்போது அதில் பாதிக்கு மேல் தண்ணீர். உப்பைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்கி, அடிப்பக்கத்துச் சதையை எடுத்து, கொழுப்பை எடுத்து, பிறகு ஷேவிங் மெஷினில் கொடுத்து ஒரே கனத்துக்குச் சீவுகிறார்கள். ஒரு டன் பச்சைத் தோல் உள்ளே போனால் ஏறத்தாழ கால் டன்தான் சரக்காக வெளியே வரும். பாட்டுக்கும் இதே கதிதான். சிடியில் இருக்கும் பாட்டு நொடிக்கு 1,411 கிலோபிட் எடை. அதை 128 கிலோபிட்டுக்குச் சீவினால் பதினொன்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. கழிவு விகிதத்தில் எர்லாங்கன்காரர்கள் ராணிப்பேட்டையை மிஞ்சிவிட்டார்கள்.

இரண்டுக்கும் இன்னொரு பொதுத்தன்மை உண்டு. ஷூவை எவ்வளவு கெஞ்சினாலும் அது மறுபடி ஆடு ஆகாது. எம்பி3-யிலிருந்து எறிந்த ஒலியும் திரும்பி வராது. இதை உணராத சிலர் 128-இல் இருக்கும் பாட்டை எடுத்து 320-ஆக மாற்றிக் கொடுக்கிறார்கள். கோப்பு கனக்கும், காதுக்கு ஒரு லாபமும் இல்லை. தோல் வியாபாரத்தில் இதற்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: கரெக்டட் கிரெய்ன். மேலே கீறலும் உண்ணிக் கடியுமாக வந்த தோலைத் தேய்த்து, வண்ணம் பூசி, பொய்யான மயிர்க்கண்களை அச்சாக அழுத்தி முதல்தரத் தோலாகக் காட்டுவது. கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடுகிற பெரியவர்கள் மேல்விஷாரத்தில் இருக்கிறார்கள். போலி 320-ஐக் கண்டுபிடிக்கிற கட்டைவிரல் இன்னும் முளைக்கவில்லை.

எறிந்த பொருள் எங்கே போகிறது என்று தேர்வாளர்கள் கேட்கக்கூடும். தோலின் விஷயத்தில் இதற்கு விடை உச்ச நீதிமன்றம் வரை தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்ததைப் பக்கம் பக்கமாகப் பேசி, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. எம்பி3 என்று பெயர் வைத்து ஓராண்டுக்குச் சற்றே கூடுதலாகக் கழித்து வந்த தீர்ப்பு அது. ஆனால் பாட்டிலிருந்து சீவி எறிந்த பத்துப் பங்கு ஒலி எந்தக் கிணற்றிலும் கலக்கவில்லை, எந்த நெல் வயலையும் கருக்கவில்லை, பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் கேட்கவில்லை. பதனிடும் தொழிலின் கிளைகளில் இது ஒன்றுதான் பாலாற்றுக்குத் தீங்கு செய்யாதது. கட்டுரையில் இந்த ஓரிடத்தில் மட்டும் ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

பதனிடும் முறைகளையும் ஒப்பிட்டாக வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய வழி. குரோமை இங்கே கொண்டுவர இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பாடுபட்டவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். அதன் பின் வாரங்கள் நாளாகச் சுருங்கின. கேசட் ஆவாரம்பட்டையைச் சேர்ந்தது. ஒரு கேசட்டைப் பதிவுசெய்ய அந்தக் கேசட் ஓடும் நேரம் முழுவதும் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எம்பி3 குரோம். குரோமில் நனைந்து வெளியே வரும் தோல் வெளிர்நீலமாக இருப்பதால் அதற்கு வெட் ப்ளூ என்று பெயர். சீனத்திலிருந்து வந்த மலிவு பிளேயர்களின் திரையிலும் நீல வெளிச்சம் எரிந்தது. இதைத் தற்செயல் என்பவர்களோடு வாதிடப் போவதில்லை.

1998-இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் வெளியிட்ட எம்பிமேன், அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த ரியோ ஆகியவை இவ்வகையின் முன்னோர்கள். கொள்ளளவு 32 எம்பி. 128-இல் சீவிய பாட்டு அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக அடங்கும். மேல்விஷாரத்தில் இதை ஒரு கருவியாக யாரும் மதித்திருக்க மாட்டார்கள். ஒரு பயானின், அதாவது மார்க்கச் சொற்பொழிவின், முன்னுரையே அதற்குள் முடியாது. பயான் விஷயத்தில் பிற்காலத்தில்தான் ஒரு நுட்பம் தெளிந்தது. பேச்சுக்கு அவ்வளவு கனம் வேண்டாம். 32 கிலோபிட்டுக்குச் சீவினாலும் ஆலிம் சொல்வது விளங்கும், ஒரு மணி நேரப் பயான் 15 எம்பிக்குள் அடங்கும். ஷூவின் மேல்தோலுக்கு 1.2, 1.4 மில்லிமீட்டர் என்றும், கையுறைத் தோலுக்கு அதில் பாதி என்றும் கனம் பிரிக்கிற ஊரில் இது புரியாமல் போகுமா?

பாடகர் நாகூர் ஹனிபா இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவர். கட்சி மாநாட்டிலும் மீலாது மேடையிலும் கடைசி வரிசை வரை எட்டிய அந்தக் குரல், எந்தக் கனத்துக்குச் சீவினாலும் சீவியது தெரியாமல் நிற்கிறது. எம்பி3-ஐச் சோதித்துச் செப்பனிட எர்லாங்கனில் சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியமின்றிப் பாடிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மெல்லிய குரல், சின்னப் பழுதும் வெளியே தெரியும் என்பதற்காக. ஹனிபாவை வைத்துச் சோதித்திருந்தால் முதல் நாளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். 2015-இல் அவர் மறைந்தார். மெமரி கார்டுகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இனிப் பொறியின் உறுப்புகள். பெரும்பாலான நிபுணர்கள் ஒலித் தரத்தில் தொடங்குவார்கள். நாம் ஹோல்டு பொத்தானில் தொடங்குவோம், ஏனென்றால் கைலிக்குப் பை இல்லை. பிளேயர் மடியில்தான் செருகப்படுகிறது. குனிந்தால் பாட்டு மாறும், உட்கார்ந்தால் சத்தம் ஏறும், எழுந்தால் மொழி சீனமாகிவிடும். சீனம் ஆன மெனுவை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பத் தெரிந்த பையன் தெருவுக்கு ஒருவன் இருப்பான். அவனுக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை. ஹோல்டு பொத்தானைத் தள்ளிவிட்டால் இத்தனையும் நடக்காது. கால்சட்டைக்காரர்களின் தேசத்தில் பிறந்த பொறி கைலிக்காரர்களுக்காக இப்படி ஒரு உறுப்பைச் சுமந்து வந்ததை எந்தப் பரிணாமக் கோட்பாட்டில் அடக்குவது?

அடுத்து ஏ-பி ரிப்பீட். ஓரிடத்தில் ஏ என்று அழுத்தி, இன்னோரிடத்தில் பி என்று அழுத்தினால் இடையில் உள்ள துண்டு மட்டும் ஓயாமல் திரும்ப வரும். அந்நிய மொழி படிப்பவர்களுக்காக வைத்ததாகச் சொல்வார்கள். பிளேயர் வாங்கிய பெரும்பாலோர் அந்தப் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டு, பாட்டு சிக்கிக்கொண்டதென்று கடைக்குத் தூக்கி வருகிறார்கள். ஆனால் குர்ஆனை மனனம் செய்கிற ஹிஃப்ழு மாணவனுக்கு மற்ற எல்லா உறுப்புகளும் அலங்காரம். இது ஒன்றே உயிர். காரீ ஓதுவதில் ஓர் ஆயத்தைக் குறித்துக்கொண்டு நாக்கில் ஏறும் வரை கேட்கலாம். பொறிக்கு அலுப்பு வராது. அந்தக் கார்டில் வேறு எதையும் ஏற்றுவதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மதரசாவுக்குள் செல்போன் கூடாது என்றிருக்கும் இடங்களில், படம் காட்டத் தெரியாத, யாரையும் அழைக்க முடியாத இந்த ஏழைப் பொறிக்கு வாசல் திறந்திருக்கிறது.

எஃப்எம் குறித்துச் சுருக்கமாக: காதுக் கருவியின் வயரே அதற்கு ஏரியல். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். காதிலிருந்து மடி வரை வயர் தொங்கும் நீளமும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆகையால் எஃப்எம் கேட்பவர் தாமே ஒரு கம்பம். வேலூர் பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடித்தால் நிலையம் தெளிவதும், விட்டால் இரைவதும் இதனால்தான்.

குரல் பதிவு வசதி வியாபாரத்துக்கு உதவும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பொய்கை மாட்டுச் சந்தையில் போய்ப் பாருங்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களிடம் எதைப் பதிவு செய்வது?

வரிசைச் சிக்கல்தான் இந்தத் துறையின் பெரிய புதிர். திரையில்லாத பிளேயர் பாட்டுகளை அகரவரிசையில் பாடுவதில்லை, ஆண்டு வரிசையிலும் பாடுவதில்லை. எந்தக் கோப்பு கார்டில் முதலில் ஏறியதோ அது முதலில். மெமரி கார்டின் கோப்பு அட்டவணை அப்படித்தான் அமைந்திருக்கிறது. எனவே பாட்டு வரிசை என்பது கேட்பவரின் ரசனையைக் காட்டாது. செல்போன் கடையில் பாட்டு ஏற்றிய பையன் எந்த ஃபோல்டரை எப்போது இழுத்துப் போட்டான் என்பதைத்தான் காட்டும். இளையராஜாவின் சோகப் பாட்டுக்கும் அடுத்த சோகப் பாட்டுக்கும் நடுவே ஒரு குத்துப்பாட்டு வந்தால், பையன் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய் வேறொருவன் உட்கார்ந்தான் என்று பொருள். இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு கார்டும் ஒரு கடையின் ஒரு மாலை நேரத்து வரலாற்று ஆவணம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இவ்வளவு மூலச் சான்றுகள் ஐம்பதுக்கும் நூறுக்கும் விற்கப்படுவது தொல்லியல் துறையின் கவனத்துக்கு உரியது.

2022 மே மாதம் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை நிறுத்திக்கொண்டதும், பிளேயர் யுகம் முடிந்தது என்று உலகெங்கும் இரங்கல் எழுதினார்கள். 2001-இல் பிறந்த ஐபாடுக்கு அது பொருந்தும். மேல்விஷாரத்துப் பொறி ஐபாடின் வம்சம் இல்லை. அதற்கு உறவு சுண்ணாம்புத் தொட்டியோடு.

இந்தக் கருதுகோளை வாய்மொழித் தேர்வுக்கு முன் ஒருவரிடமாவது சோதித்துப் பார்ப்பது முறை என்பதால், டேனரியிலேயே வயதான பெரியவர் ஒருவரிடம் முழுதாக விளக்கிச் சொன்னேன். சதை எடுப்பது, சீவுவது, கழிவு, கரெக்டட் கிரெய்ன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கார்டுல எத்தினி பாட்டு புடிக்கும் தம்பி?"

"பதினாறு ஜிபின்னா நாலாயிரம் புடிக்கும் பாய்."

"ஏத்துறதுக்கு இன்னா வாங்குறான்?"

"நாப்பது ரூபா."

கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். நாற்பது ரூபாய் என்றால் நாலாயிரம் காசு. ஒரு பாட்டுக்கு ஒரு காசு.

"உப்புக்குக் கூடக் கட்டாது. இத்தப் போயி டேனரின்றியே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.