வீட்டு ஆம்ப் வாங்கும் இலக்கணம்: பாபநாசத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் பாபநாசம் இரண்டு. தஞ்சைப் பக்கத்துப் பாபநாசம், பாபநாசம் சிவனின் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. மற்றது திருநெல்வேலிக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில், பொதிகை அடிவாரத்தில், தாமிரபரணி மலையை விட்டு வெளியே வருகிற இடத்தில் இருக்கிறது. 2015-ல் கமல்ஹாசன் நடித்த படம் இதன் பெயரைத்தான் வைத்துக்கொண்டது. இந்த ஆய்வு இரண்டாவது ஊரோடு நின்றுகொள்கிறது. முதல் ஊரையும் சேர்த்தால் கர்நாடக சங்கீதம் உள்ளே வந்துவிடும். அதற்கு வேறு வழிகாட்டி பார்க்கவேண்டும், வழிகாட்டிகள் ஏற்கெனவே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.

ஆய்வுப் பொருள் இது: பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வட்டாரத்து வீடு ஒன்றில், எலெக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்கிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ, அல்லது வேலையிலிருந்து ஓய்வு பெற்று இனி யாருக்கும் பயப்படுவதில்லை என்று முடிவு செய்த ஒரு பெரியவருக்கோ, எந்த ஆம்ப் ஏற்றது?

முந்தைய ஆய்வுகளைப் பார்க்கும் மரபுப்படி முதலில் அகத்தியர். கயிலாயத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம்; கூட்டம் வடக்கே குவிந்ததில் பூமி சாய்ந்தது. ஈடுகட்ட ஒரே ஆளாகத் தெற்கே அனுப்பப்பட்டவர் அவர். பேலன்ஸ் என்ற பிரச்சினையை இந்த வட்டாரத்தில் முதலில் கையாண்டவர் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வராதவருக்குக் கல்யாணக் கோலத்தைச் சிவபெருமான் நேரில் வந்து காட்டிய ஊர் பாபநாசம் என்பது தலபுராணம். அடுத்து வருவது நம் துறைக்கு இன்னும் நெருங்கிய செய்தி. பொதிகையில் இராவணனோடு இசைப்போட்டி நடந்ததாகவும், அகத்தியர் வாசித்த வாசிப்பில் மலையே இளகிற்று என்றும் பழங்கதை சொல்கிறது. எத்தனை வாட் என்று எந்த உரையாசிரியரும் குறிக்கவில்லை. கரன்ட் இல்லாத காலம். ஆகவே பூஜ்யம் என்று கொள்வதே நேர்மை. பூஜ்ய வாட்டில் மலை இளகியிருக்க, பட்டாசலில் உட்கார்ந்து மூன்று கார்டு வாசிக்கிறவர் 100 வாட் கேட்பது ஏன்? ஆய்வு வினா இங்கே பிறக்கிறது.

மின்சாரம் போதாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பாபநாசத்தில் 1944-லிருந்து நீர்மின் நிலையம் ஓடுகிறது. இன்றைக்கு அதன் திறன் 32 மெகாவாட். 10 வாட் ஆம்புகளுக்குப் பங்கு பிரித்தால் 32 லட்சம் ஆம்ப் வரும் (ஆம்ப் வெளியே தள்ளுவதைவிடக் கூடுதலாகவே சுவரிலிருந்து இழுக்கும் என்பதை நுணுக்கம் பார்ப்பவர்கள் கழித்துக்கொள்ளவும்). தென்காசி பிரிவதற்கு முந்தைய நெல்லை மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில், சுமார் 30 லட்சத்து 77 ஆயிரம். கைக்குழந்தை முதல் கட்டிலில் கிடக்கும் பூட்டி வரை ஆளுக்கொரு ஆம்ப் கொடுத்தாலும் ஒரு லட்சத்து 23 ஆயிரம் மிச்சம். அவற்றைத் தூத்துக்குடிக்குக் கொடுக்கலாம். எனவே தட்டுப்பாடு மின்சாரத்தில் இல்லை. தட்டுப்பாடு சுவரில் இருக்கிறது.

சைவ சித்தாந்தப் பெரியோர் பிறர் மதத்தைப் பரபக்கமாக வைத்து மறுத்துவிட்டுத் தம் மதத்தைச் சுபக்கமாக நிறுவுவார்கள். ஆம்பிலும் அதுவே முறை.

பரபக்கத்தில் முதலில் நிற்பவர்கள் வாட்வாதிகள். வாட் கூடினால் ஆம்ப் உயர்ந்தது என்பது இவர்கள் கொள்கை. இதற்கு மூலம் லண்டன். 1960-களின் நடுவில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தார். எதிரே ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தது, அவருக்கு அது தேவைப்பட்டது. வாட்வாதிகள் காணத் தவறுவது காதின் கணக்கை. சக்தியைப் பத்து மடங்காக்கினால்தான் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். 10 வாட் ஆம்பை விற்றுவிட்டு 20 வாட் வாங்குகிறவருக்குக் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், கவனிக்காவிட்டால் பில்லில் மட்டும் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 55-க்கு இறங்க 35 டெசிபல் போகவேண்டும். அதாவது ஒரு வாட்டில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. 10 வாட் ஆம்ப் வாங்கியவர் அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் சட்டத்துக்குப் பயந்து வாசிக்கலாம். சட்டம் அளப்பது ஸ்பீக்கர் முன்னால் அல்ல, தெருவில் என்று ஒரு மறுப்பு வரும். சரிதான். நடுவில் செங்கல் சுவர் நின்றால் அது நமக்காக நிறையவே விழுங்கிக்கொள்ளும், ஒரு வாட் வரைகூடத் துணியலாம். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. நம் ஊரில் ஜன்னலைச் சாத்தி வாசிக்கச் சொல்பவர் மே மாதத்தை அறியாதவர்.

அடுத்து வால்வுவாதிகள். இலங்கை வானொலியை வால்வு ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இவர்கள்மேல் ஒரு பாசம் இருக்கும். வால்வு ஆம்பின் சொகுசான உறுமல் உண்மைதான். ஆனால் வால்வைக் கடினமாக ஓட்டும்போதே அது முழுதாக வரும். 15 வாட் வால்வு ஆம்பை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் ஓட்டில் உட்கார்ந்திருக்கும் புறா எழுந்து போய்விடும். வீட்டில் அதை ஒன்றரையில் வைத்து வாசிக்கிறவர் காசு கொடுத்து வாங்கியது கிடைக்காதவர். இவ்வளவே இவர்களுக்குப் போதும்.

மூன்றாமவர், ஆம்பே வேண்டாம் என்னும் சூனியவாதிகள். இவர்கள் கையில் வலுவான சான்று உண்டு: 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் இளையராஜா இசையில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டார். அதைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டுப் பாதி வீடுகளில் கிட்டார் நுழைந்தது. அது வெறும் அக்கூஸ்டிக். (நெல்லைச் சீமையில் மறுபாதி, சர்ச் வழியாக வந்தது.) அந்த மேதைமையை வணங்குகிறோம். ஆயினும் அக்கூஸ்டிக் கிட்டாரில் வால்யூம் பட்டன் கிடையாது என்பதை இவர்கள் மறைக்கிறார்கள். ஓங்கி அடித்தால் அது ஓங்கித்தான் ஒலிக்கும். எலெக்ட்ரிக்கோ, வயரைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. இரவு பதினொரு மணிக்கு இவ்விரண்டில் எது சாது என்பதை வாசகர் முடிவு செய்யட்டும்.

இனிக் கள ஆய்வு. இங்குள்ள பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை; வளவு வீடானால் முற்றமே பொது. தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று ரயில்பெட்டிபோல் நீண்டு போகும். இதில் ஆம்பை எங்கே வைப்பது என்பது எந்த ஆம்பை வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி. தாழ்ந்த ஒலிதான் சுவரைத் துளைக்கும். உச்ச ஒலி துணி, பாய், மனுஷர் என்று எதில் பட்டாலும் அடங்கிவிடும். ஆறாம் தந்தியின் திறந்த ஒலி 82 ஹெர்ட்ஸ். ஆம்பைத் தரையில், மூலையில், பொதுச்சுவரை ஒட்டி வைத்தால் அந்த 82 ஹெர்ட்ஸ் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடும். அங்கே மில்லில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்திருப்பவர் இருக்கிறார். விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றுத் தண்ணீரை நம்பி ஆலை வைத்த நாளிலிருந்தே இந்தப் பகல் தூக்கம் ஊரின் பண்பாடு. தறிச்சத்தத்திலும் நூற்புச்சத்தத்திலும் எட்டு மணி நேரம் நின்றவர், வந்து படுத்ததும் சுவருக்கு அப்பாலிருந்து ஒரே பாட்டின் முதல் நாலு நோட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். "ஏல, இப்பதாம்ல கண்ணசந்தேன், கொஞ்சம் மெதுவாத் தட்டுடே" என்பது அவர் தரப்பு. "சீரியல்ல அவ என்ன சொன்னான்னே கேக்கலல்லா, மக்கா" என்பது எதிர்வீட்டு ஆச்சி தரப்பு. இருவரும் நியாயமானவர்கள்.

தீர்வு எளிது. ஆம்பை முக்காலியில் ஏற்றி, சுவரைவிட்டு நடுவீட்டுக்குத் தள்ளி, ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதைப் பார்க்கும்படி சாய்த்து வைக்கவேண்டும். தரையில் வைத்தால் உச்ச ஒலி முழங்காலுக்குப் போகும். காதுக்கு வராததால் வால்யூமைக் கூட்டுவோம். சண்டைகளில் பாதி இந்த முழங்காலில் தொடங்குகிறது.

இரைச்சல் பற்றியும் சொல்லவேண்டும். பழைய வயரிங்கில் எர்த் சரியாக இல்லாவிட்டால் ஆம்ப் வாசிக்காதபோதும் ஓயாமல் ஹம் போடும். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரானால் வாசிப்பவர் மெதுவாகத் திரும்ப ஏதோ ஒரு திசையில் அந்த இரைச்சல் குறையும். வாஸ்து நிபுணர்கள் இதுவரை கைவைக்காத ஒரே திசை இதுதான். அது வடகிழக்கா தென்மேற்கா என்பது டியூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது, ஜாதகத்தைப் பொறுத்ததல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: வயரை ஜன்னலோரம் தொங்கவிடாதீர்கள். பாபநாசத்துக் குரங்குகளுக்கு இசையில் ஆர்வமில்லை, இழுப்பதில் உண்டு.

விதிவிலக்கு ஒன்று. கோயில் கொடை. சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ கொடை நடக்கிற நாட்களில் ரேடியோ செட்காரர் தெருமுனையில் குழாய் கட்டுகிறார், வில்லுப்பாட்டுக் குடம் அதிர்கிறது, நையாண்டி மேளம் வருகிறது. வருஷத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தர மாநில அரசுக்கு விதிகளே இடம் கொடுக்கின்றன. அந்த இரவுகளில் ஆம்பை ஏழுக்குத் திருகினாலும் கேட்பாரில்லை. வால்வுவாதிகள் காத்திருக்கவேண்டிய முகூர்த்தம் அது. குறை ஒன்றே: தான் வாசிப்பது தனக்கும் கேட்காது.

இப்போது சுபக்கம். வீட்டு ஆம்பின் தகுதி, அது எவ்வளவு சத்தம் போடும் என்பதில் இல்லை. எவ்வளவு குறைந்த சத்தத்தில் கிட்டார் கிட்டாராகக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. இதற்கு அறிவியல் உண்டு. சத்தம் குறையக் குறையக் காது தாழ்ந்த ஒலியை முதலில் கைவிடுகிறது என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். மெதுவாக வைத்தால் ஆம்ப் சோகையாகக் கேட்பது ஆம்பின் குற்றம் மட்டுமல்ல, காதின் குணமும்கூட. யமஹாவின் டிஎச்ஆர் போன்ற மேசை ஆம்புகள் இந்தக் குணத்தை நினைவில் வைத்து, மெதுவாக வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. விலைதான் கொஞ்சம் மலையேறும். பட்ஜெட் சிறிதானால் ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10 போன்ற 6 அங்குல ஸ்பீக்கர் ஆம்ப் போதும், ஆறாம் தந்தியின் கனத்தை அதில் எதிர்பார்க்காவிட்டால். கரன்ட் போகிற வீட்டுக்கு பாஸ் கட்டானா மினி போன்று பேட்டரியிலும் ஓடுவது நல்லது. 32 மெகாவாட் ஊரிலும் மழைக்காலத்தில் மரம் விழும். கெயினும் மாஸ்டர் வால்யூமும் தனித்தனியே இருக்கட்டும். உறுமலை ஒன்றில் கூட்டி, சத்தத்தை மற்றதில் குறைக்கலாம். நூறு வகை எஃபெக்ட் இருக்கிறதா என்று பார்க்கவேண்டாம். முதல் வாரம் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்போம், அப்புறம் ரிவர்ப் ஒன்றே மிஞ்சும்.

நெல்லை ஜங்ஷன் கடையோ, 1842-லிருந்து நடக்கும் சென்னை மியூசி மியூசிக்கலோ, எங்கே போனாலும் சோதனை முறை ஒன்றே. கடைப்பையன் வால்யூமைக் கூட்டித்தான் காட்டுவார், சத்தம் கூடினால் எந்த ஆம்பும் அழகுதான். "தம்பி, குறைங்க" என்று சொல்லி, அவர் சாதாரணக் குரலில் விலை சொல்வது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு இறக்குங்கள். அந்த அளவில் பிடித்திருந்தால் எடுங்கள். பிடிக்காவிட்டால், விலை கேட்டுவிட்டதால், வெளியே வருவது சுலபம்.

ஹெட்போன் ஜாக் இல்லாத ஆம்பை யார் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். ஹெட்போனும் வயர் உள்ளதாகவே இருக்கட்டும்: சாதாரண புளூடூத் ஹெட்போனில் தந்தியைத் தட்டியபின் ஒலி காதுக்கு வந்து சேரத் தாமதமாகும், தாளம் நிற்காது.