வேலிக்கு ஒரு மெய்க்கீர்த்தி

அதியமானின் தூதாகச் சென்ற ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்து அதன் பளபளப்பை மனமாரப் போற்றினாள். அதே மனத்தோடு நானும் இன்று ஒரு கொற்றத்தைப் போற்றப் புகுகிறேன். சென் லோறன்ஸ் ஆற்றின் நடுவே, எங்கள் மொன்றியல் மாநகரின் சென் எலன் தீவில் கொலுவீற்றிருக்கும் லா ரோந்த் கேளிக்கைப் பூங்காவே அக்கொற்றம். அதன் பெருமைகள் பல. எல்லாவற்றிலும் தலையாயது, சீட்டு வாங்க வழியற்ற ஏழை எளியவர்களுக்கு அது வேலிக்கு வெளியே வழங்கிவரும் ஒப்பற்ற கொடை.

கடையெழு வள்ளல்களைப் புகழ்ந்து புகழ்ந்தே தமிழர் நாக்குத் தேய்ந்துவிட்டது. ஆராய்ந்தால் அவர்கள் கொடையில் முதிர்ச்சி போதாது. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். அத்தேரை நிறுத்திவைக்கும் இடத்துக்குக் கட்டணம் வாங்கலாம் என்ற ஞானம் அவனுக்கு வாய்க்கவில்லை. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். அது பருவச் சீட்டு எடுத்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டானில்லை. கொடை அன்று தவழும் பிள்ளையாக இருந்தது. அது எழுந்து நின்று, வளர்ந்து, வாயிலில் தடுப்புக் கம்பி நாட்டி, கம்பிக்கு இப்பால் நிற்பவனைப் பார்த்துப் புன்னகை செய்யும் பருவத்தை நம் காலத்தில்தான் எய்தியிருக்கிறது.

இக்கொற்றத்தின் தோற்றத்தைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். 1967-இல் கனடா தன் நூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது, நகர முதல்வர் ஜான் திராப்போ உலகத்தையே ஆற்றின் நடுவே விருந்துக்கு அழைத்தார். விருந்தினரை இருத்த நிலம் போதவில்லை. மெட்ரோ சுரங்கம் தோண்டிய மண்ணையும் ஆற்றில் கொட்டி, இருந்த தீவைப் பெரிதாக்கி, இல்லாத தீவொன்றை உண்டாக்கினார்கள். எக்ஸ்போ 67 என்ற அந்த உலகக் கண்காட்சிக்கு ஆறே மாதங்களில் 5 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள். நாட்டின் மக்கள்தொகையோ அன்று 2 கோடி. அந்த விருந்தின் குதூகல மூலைதான் லா ரோந்த். கண்காட்சி முடிந்தபின் அதை நகரமே வைத்துக்கொண்டது. ஊராரின் தீவு, ஊராரின் பூங்கா. ஊட்டிவிட்ட கையும் உண்ட வாயும் ஒரே உடம்பில் இருந்த அந்த அநாகரிக நிலை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

நல்லவேளையாக 2001-இல் விடியல் பிறந்தது. சிக்ஸ் பிளாக்ஸ் என்ற அமெரிக்கப் பெருநிறுவனம் 2 கோடி அமெரிக்க டொலருக்குப் பூங்காவை வாங்கி நகரத்தின் பாரத்தை இறக்கிவைத்தது. நிலம் மட்டும் நகரத்துக்கே சொந்தம். நெடுங்காலக் குத்தகை 2065 வரை. இந்தப் பங்கீட்டின் நுட்பத்தை எண்ணி எண்ணி நான் நெகிழ்ந்திருக்கிறேன். நிலம் நம்முடையது, அதன்மேல் கால்வைக்கும் பேறு மட்டும் விலைக்கு. உடைமை உண்டு, அநுபவம் இல்லை. மடங்களில் ஆயுள் முழுதும் தவமிருந்து பெறும் பற்றற்ற நிலையை ஒரு மாநகரத்தின் பதினெட்டு லட்சம் பேருக்கும் ஒரே பத்திரத்தால் அருளியவர்களை வேறு என்ன சொல்லி வாழ்த்துவது? முடிசூடியவர்கள் மாறலாம், நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையலாம், பிரியலாம்; வேலி மட்டும் நிலைபேறு உடையது.

பழைய நினைவுகளால் மக்கள் வருந்தக் கூடாது என்பதிலும் இக்கொற்றம் தாயினும் சாலப் பரிவுடையது. 1967-இலிருந்தே ஓடிய லா பிட்டூன் என்ற நீர்ச்சவாரி ஒன்று இருந்தது. ஆற்றில் மரம் மிதக்கவிட்டுப் பிழைத்த கியூபெக்கின் மரவெட்டிகளை நினைவூட்டும் மரக்கட்டைப் படகுகள் அதில் மிதக்கும். பாட்டன் நனைந்த அதே நீரில் பேரனும் நனைந்தான். ஒரே நீரில் இருமுறை நனையும் இந்தச் சலிப்பிலிருந்து, அரை நூற்றாண்டு ஆனவுடன், நம்மை மெத்தென விடுவித்துவிட்டார்கள்.

இனி கொடைக்கு வருகிறேன். ஜாக் கார்ட்டியே பாலம் 1930-இல் திறக்கப்பட்டது. தீவுக்கு மேலாகவே போகிறது. பப்பினோ மெட்ரோவில் இறங்கி நடைபாதையில் ஏறினால் சிறிது தூரத்தில் முழுப் பூங்காவும் காலடியில் விரியும். 1985-இல் எழுப்பிய லு மோன்ஸ்த்ர் என்ற மர ரோலர் கோஸ்டர் 40 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அவ்வளவு உயரமாக அதைக் கட்டியது வெளியே நிற்பவர்களுக்கும் மறையாமல் தெரியட்டும் என்ற பெருங்கருணையால் அன்றி வேறு எதனால் இருக்க முடியும்? ஏறியவனுக்கு மரச்சட்டங்கள் கண்ணெதிரே பறந்துபோகும். அவனால் எதையும் நிதானமாகப் பார்க்க இயலாது. பாலத்தில் நிற்பவனுக்கோ அதன் முழு வடிவும் தெரியும். உள்ளே இருப்போரின் அலறல் காற்றில் மிதந்து வரும். அதற்கு ஒரு சதமும் அறவிடுவதில்லை. எண்ணெயில் பொரித்துச் சீனி தூவிய மாவின் மணம் வரும், அதற்கும் கட்டணமில்லை. கூட்டிப் பார்த்தால், வயிறும் உடம்பும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இங்கே இலவச அனுமதி.

கோடை இரவுகளில் இக்கொடை உச்சத்தை அடையும். 1985 முதல் பூங்காவில் சர்வதேச வாணவேடிக்கைப் போட்டி நடந்துவருகிறது. அவ்விரவுகளில் பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுவார்கள். வேடிக்கைக்கு உரிய இசையை வானொலியில் ஒலிபரப்புவார்கள். கோத் தே நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டைகளிலிருந்து நம்மவர்கள் கட்லட்டும் ரோல்ஸும் கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வந்து சேர்வார்கள். பகல் முழுதும் ஹோட்டல் அறைகளில் மற்றவர் படுக்கையை விரித்துவிட்டு வரும் பெண்கள், உணவகத்தில் கோப்பை கழுவிய கையின் ஈரம் காயாமல் வரும் ஆண்கள், அவர்கள் தோளில் பிள்ளைகள். ஒருமுறை என் பக்கத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று கம்பிகளுக்கிடையே முகத்தைப் பதித்து நின்றது. வானத்தைப் பார்க்கவில்லை. கீழே சுழன்றுகொண்டிருந்த விளக்குகளையே பார்த்தது.

"அம்மா, நாங்கள் எப்ப உள்ளுக்குப் போறது?"

"இஞ்சயிருந்து வடிவாத் தெரியுதுதானே, குஞ்சு."

இந்த விடையில் உள்ள நிறைவைக் கவனியுங்கள். ஒரு தாயை இவ்வளவு அழகாகப் பேச வைக்க எத்தனை வாயிற்காவலர்களும் கணக்கர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்க வேண்டும்! கதவு திறந்திருந்தால் அவள் வெறுமனே, "வா, போவம்" என்று சொல்லியிருப்பாள்.

லா ரோந்துக்கு ஒரே ஒரு குறை: ஹோட்டல் கிடையாது. வெளியே நின்று பார்க்கும் கலையில் தேறியவர்களுக்கு அடுத்த படி, ஹோட்டலுக்குள் போய்த் தங்காமல் திரும்பும் கலை. அதைக் கற்க மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் ஏறக்குறைய 2,300 கிலோமீற்றர் வண்டியோட்டிப் புளோரிடா போகிறோம். அங்கே டிஸ்னி பெருமான் அரசாட்சி செய்கிறார். அரசாட்சி என்பது உபசாரச் சொல் அன்று. மொன்றியல் ஆற்றின் நடுவே விருந்து வைத்த அதே 1967-இல் புளோரிடா மாநிலம் அந்த நிறுவனத்துக்குச் சட்டமியற்றி ஒரு தனி நிர்வாக மாவட்டத்தையே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, 2023 வரை, தன் சாலையையும் கழிவுநீரையும் தீயணைப்பையும் தானே ஆண்ட கம்பனியைக் கண்டு மூவேந்தரும் நாணியிருப்பார்கள்.

1971-இல் அந்நிறுவனத்தின் பூங்கா அங்கே திறந்தபோது நுழைவுக் கட்டணம் மூன்றரை டொலர். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் இன்பத்தை எவன் மதிப்பான்? 2018 முதல் நாளுக்கொரு விலை வைத்து, விழாக்காலத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய 200 டொலர் என்று உயர்த்தி, சிரிப்புக்கு உரிய கண்ணியத்தைத் தந்திருக்கிறார்கள். ஐந்து பேருள்ள குடும்பம் ஒரே பகலில் ஆயிரம் டொலர் மகிழ்ச்சி அடையலாம். அடைய இயலாதவர்களையும் அவர்கள் கைவிடவில்லை. அண்மைக்காலம்வரை டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற அங்காடித் தெருவில் வண்டியை இலவசமாக நிறுத்தி, இலவச பஸ்ஸில் ஏறி, ஹோட்டல் ஹோட்டலாகச் சுற்ற முடிந்தது. ஹோட்டல்களைச் சுற்றிவரும் மொனோரெயிலுக்குச் சீட்டுக் கேட்பதில்லை.

அந்தத் தலயாத்திரையின் பேறு சொல்லி மாளாது. கன்டெம்பரரி ஹோட்டலின் வயிற்றுக்குள்ளேயே ரயில் புகுந்து வெளியேறும். கிராண்ட் புளோரிடியன் முற்றத்தின் பளிங்குத் தரையில் அண்ணாந்து நிற்கலாம். பொலினீசியன் ஹோட்டலின் கரை மணலில் நின்றால் ஏரிக்கு அப்பால் சின்டரெல்லாவின் கோட்டை கட்டைவிரல் அளவில் தெரியும். கட்டைவிரலைக் கண்ணருகே பிடித்து அதை மறைத்தும் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. அனிமல் கிங்டம் லொட்ஜில் ஒட்டகச்சிவிங்கிகள் உலாவும். பின்கட்டின் மேடையில் நின்று அவற்றை நீங்கள் பார்க்கலாம். அவையும் உங்களைப் பார்க்கும். அறை எடுத்தவனோ எடுக்காதவனோ என்று பேதம் பாராட்டாத ஒரே உத்தியோகத்தர்கள் அங்கே அவைதாம்.

பிள்ளைகளுக்கு இந்த யாத்திரையைப் போலக் கல்வி வேறில்லை. நீச்சல் தடாகத்தின் கதவு கைப்பட்டையைக் கேட்கும். பிள்ளை தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளும். விழா நாட்களில் ஹோட்டல் வாயிலிலேயே காவலர் முன்பதிவு உண்டா என்று கனிவாக விசாரிப்பார். பின் ஆசனத்திலிருந்து பிள்ளை தன் தகப்பனின் பிடரியைப் பார்த்துக்கொள்ளும். உலகில் தன் இடம் எது என்று அறிய வேறு பள்ளிகளில் பத்து வருடம் செல்லும். இங்கே ஒரு பிற்பகல் போதும். அதுவும் பின்னணி இசையோடு.

சீட்டு வாங்கியவர்களுக்கும் தனியாக ஒரு பாக்கியம் காத்திருக்கிறது. எப்கொட் பூங்காவின் கனடா மண்டபத்தில் ஒட்டாவாவின் ஷாட்டோ லோரியே ஹோட்டலைப் பார்த்துக் கட்டிய கோபுரக் கட்டடம் நிற்கிறது. ஹோட்டல் என்றே பெயர். உள்ளே தங்க அறை ஒன்றுகூட இல்லை. அசல் ஹோட்டல் 1912 முதல், மொன்றியலிலிருந்து 200 கிலோமீற்றர் தொலைவில், ஒட்டாவா நடுவே நிற்கிறது. அதன் முகப்பு மண்டபத்துக்குள் எவரும் சீட்டில்லாமல் போய்வரலாம். அந்த வெட்கங்கெட்ட எளிமையைப் பொறுக்காமல்தான் நம் நாட்டவர் பத்து மடங்குக்கும் மேல் தூரம் ஓடி, காசு கொடுத்து, அதன் வெறுங்கூட்டைத் தரிசித்துத் திரும்புகிறார்கள். தங்கவே முடியாத ஹோட்டலைப் பணம் கட்டிப் பார்க்கவைத்த மதியூகத்துக்குச் சாணக்கியனே பாதபூசை செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் கண்டு தேறியபின் மற்ற இடங்களின் காட்டுத்தனம் கண்ணை உறுத்துகிறது. கொழும்பில் காலிமுகத்திடல் என்று ஒன்று 1859 முதல் கிடக்கிறது. பட்டம் விடுகிறவனும் இறால் வடை விற்கிறவனும் மந்திரியின் மகனும் ஒரே கடற்காற்றை ஒரே விலையில், அதாவது சும்மா, வாங்குகிறார்கள். இங்கே மொன்றியலிலும் மோன் றோயால் மலைப்பூங்காவை அமைத்த ஓம்ஸ்டெட் என்ற பெரியவர் 1876-இல் அது திறந்தபோது வாயில் வைக்க மறந்திருக்கிறார். கோடை ஞாயிறுகளில் அதன் அடிவாரத்தில் எவனும் மேளம் அடிக்கிறான், எவளும் ஆடுகிறாள். அங்கே முகம் பதித்து நிற்க ஒரு கம்பிகூட இல்லை. அந்தப் பிள்ளைகள் எதைக் கேட்டு, எந்த விடையைப் பெற்று, எப்படித்தான் வளர்கிறார்களோ!

அன்றிரவு கடைசி வெடி அதிர்ந்து, புகை ஆற்றின்மேல் படர்ந்தது. பாலமெங்கும் கைதட்டினார்கள். பூங்காவுக்கு உள்ளிருந்தவர்களும் தட்டியிருப்பார்கள். அது எங்களுக்குக் கேட்கவில்லை. அந்தத் தாய் ஃபிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ரோ பக்கம் நடந்தாள். பிள்ளை பின்பக்கம் திரும்பியபடியே போயிற்று. குத்தகை முடிய 2065 ஆகும். இக்கொற்றத்தின் நீடித்த கருணையை வியந்து விரல்விட்டுக் கணக்கிட்டேன். அப்போது அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தேழு வயதாகியிருக்கும்.